இடுப்பு வலியா? பி.எம்.ஆர். டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இடுப்பு பிடித்துக்கொண்டால் எல்லோரும் போகிற வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தைலம், அப்புறம் சுளுக்கு எடுப்பவர், அப்புறம் மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு செட் குடுங்க", அதுக்கும் கேட்காவிட்டால் ஒரு ஊசி, கடைசியில் மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு "ஜவ்வு விலகிடுச்சாம், ஆபரேஷனாம்" என்று வீடு திரும்புவது. என் சித்தப்பா அப்படித்தான் திரும்பினார். அந்தத் தனியார் மருத்துவமனை டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்தார், தேதி குறித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை, என்ன தொழில் என்றும் கேட்கவில்லை.

இந்த வரிசையில் நாம் விட்டுவிடுகிற ஆள் பி.எம்.ஆர். டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் 3 வருடம் உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் (பிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன், சுருக்கமாக பி.எம்.ஆர்.) என்ற பிரிவில் எம்.டி. படித்தவர். முதுகு, கழுத்து, மூட்டு, தசை, நரம்பு வலிகளை ஆபரேஷன் இல்லாமல் கையாள்வது இவருடைய வேலையில் பெரும்பங்கு. பிசியோதெரபிஸ்ட் வேறு, இவர் வேறு. என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, மருந்தும் ஊசியும் முடிவு செய்து, என்ன பயிற்சி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர் இவர். பயிற்சியைச் செய்யவைத்துத் தேற்றுபவர் பிசியோதெரபிஸ்ட். இருவருமே வேண்டும். நம் நாட்டில் இந்தத் துறையை வளர்த்த முன்னோடி வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், அப்புறம் நியூயார்க் போய் இந்தப் படிப்பைப் படித்துவந்து வேலூரில் துறையைத் தொடங்கினார். முடங்கிய உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கே தேடுவது? முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "பி.எம்.ஆர். ஓ.பி. எந்தக் கிழமை" என்று கேளுங்கள். அங்கே ஆகவில்லை என்றால் மதுரையில் விசாரியுங்கள். சென்னையில் சொந்தம் இருந்தால் கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தனியாரிடம் போனால் போர்டில் "வலி நிபுணர்" என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், மருந்துச் சீட்டில் படிப்பும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் சில வலிக்கு இந்த விசாரணை எல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது, படகில் இருந்தோ மரத்தில் இருந்தோ விழுந்த பிறகு வந்த வலி. காய்ச்சலோடும் எடை குறைவதோடும் ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். டி.பி. முதுகெலும்பிலும் வரும், தைலத்துக்கு அது அடங்காது.

சரி, டாக்டர் முன்னால் உட்கார்ந்தாச்சு. "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. தொழிலைச் சொல்லுங்கள், அதையும் உடம்பால் செய்து காட்டுங்கள். கரைவலை என்றால் கால் மணலில் புதைய எப்படிப் பின்னால் சாய்ந்து இழுக்கிறீர்கள் என்று, வல்லம் என்கிற சின்னப் படகு என்றால் வலையை ஏற்றும்போது இடுப்பு எந்தப் பக்கம் முறுகுகிறது, ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றும்போது எங்கே சுள்ளென்கிறது என்று எழுந்து நின்றே காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் பெரும்பாலும் "வீட்டு வேலைதான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. தண்ணீருக்குள் மணிக்கணக்கில் குனிந்து முங்கி எடுத்து, ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு கரையேறுவது எந்த வீட்டு வேலையிலும் சேராது. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

அப்புறம் வலியின் போக்கு. குனிந்தால், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கூடி, பின்தொடை வழியாகப் பாதம் வரை இழுக்கிறதா? அது ஜவ்வு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க், நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்ததும் விட்டுவிடுகிறதா? வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாய் சுருங்கினால் இப்படி வரும். இந்த இரண்டுக்கும் பயிற்சி ஒன்றல்ல, அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சியை நீங்கள் செய்யக்கூடாது.

சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக் காலி அட்டையாக இருந்தாலும் கொண்டுபோங்கள். கடையில் பிரித்துப் பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை மாதக்கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வலி மாத்திரை வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும், பிரஷர் இருப்பவருக்கு இன்னும் மோசம். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள்.

ஸ்கேனை நீங்களாக முந்திக்கொண்டு எடுக்க வேண்டாம். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இல்லாத புது இடுப்பு வலி பெரும்பாலும் 6 வாரத்துக்குள் தணிந்துவிடும். வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் ஜவ்வு பிதுங்கியிருப்பது தெரியும், படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று ஆகாது. நல்ல டாக்டர் உங்களைக் குதிகாலிலும் முன்பாதத்திலும் நடக்கச் சொல்வார், படுக்கவைத்துக் காலை நீட்டியபடி தூக்குவார், கால் கட்டைவிரலின் பலம் பார்ப்பார், முட்டியில் சுத்தியால் தட்டுவார். அப்புறம் பி.எம்.ஆர். டாக்டரிடம் போன சித்தப்பாவுக்கு இதற்கே 20 நிமிடம் ஆனது. ஆபரேஷன் இப்போது தேவையில்லை, கால் பலம் குறைந்தால் மட்டும் திரும்ப யோசிப்போம் என்றார் அந்த டாக்டர்.

சிலருக்கு முதுகெலும்புக்குள் ஊசி போடலாம் என்பார்கள். காலுக்கு இறங்கும் வலிக்கு அது சில வாரமோ சில மாதமோ தணிவு தரும், நிரந்தரம் இல்லை. எக்ஸ்ரே பார்த்துக்கொண்டு போடுகிறீர்களா என்று கேளுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், அதையும் பேசிவிடுங்கள். வலி தணிந்த அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசிக்குக் கொடுத்த காசு தண்டம்.

படுத்தே கிடப்பதும் வேண்டாம், ஓரிரு நாள் போதும். மதுரைக்குப் போவதாக இருந்தால் பஸ்ஸைவிட ரயில் நல்லது, நடுவில் எழுந்து நடக்கலாம். வெளியே போகவே முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பயிற்சிக்கு அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடையும் இல்லை, ஓய்வும் இல்லை. அவர்கள் டாக்டரிடம் "எப்போ கடலுக்குப் போகலாம்" என்று மட்டும் கேட்காமல் "முதல் வாரம் எதைத் தூக்கலாம், எதைத் தொடக்கூடாது" என்று கேட்டு வாங்க வேண்டும். சித்தப்பா திரும்பப் போன முதல் மாதம் சுக்கான் மட்டும் பிடித்தார், ஐஸ் பெட்டியை மருமகன் தூக்கினான், பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.