மேனேஜர் ரவுண்டில் பேச்சை ஒட்டவைத்தது எப்படி?

வேலை இன்டர்வியூவில் டெக்னிக்கல் ரவுண்டை எப்படியோ தாண்டிவிடுவேன். மேனேஜர் ரவுண்டில்தான் பேச்சே ஒட்டாது. கேள்வி, பதில், மௌனம். "ஹெச்ஆர் கூப்பிடுவாங்க" என்று முடியும்.

முதலில் தயாரிப்பை மாற்றினேன். அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வலைத்தளத்திலேயே போட்டிருக்கிறது. அனுபவக் கேள்விகள் அவற்றையொட்டியே வரும். எல்லா நிறுவனமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதனால் வேலை விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டேன். 'ஓனர்ஷிப்' (பொறுப்பைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வது) அடிக்கடி வந்தால், நள்ளிரவில் சர்வர் விழுந்தபோது யாரை எழுப்பினேன், எதை முதலில் நிறுத்தினேன், மறுநாள் என்ன எழுதிவைத்தேன் என்று ஒரு சம்பவம் கையில் தயார். "நான் நல்ல டீம் பிளேயர் சார்" என்பதை அடியோடு விட்டேன். அதை யார்தான் நம்புகிறார்கள்?

அப்புறம், கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?" என்பார்களே, நிஜமான பேச்சு அங்கேதான். "சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்னைக்குப் பிரச்சினை வந்தா உங்க டீம்ல யார் சார் முடிவெடுப்பாங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, போன வாரம் நடந்த கூத்தையே சொல்ல ஆரம்பித்தார். நேரம் போனதே தெரியவில்லை.

இப்போது அவர் டீமில்தான் இருக்கிறேன். முடிவெடுப்பவர் அவரேதான், ரிலீஸ் அன்று கொஞ்சம் கத்துவார், அவ்வளவுதான்.