பழைய காரில் சீட் பெல்ட்: முதலில் தகடு, அப்புறம் போல்ட்

புது பெல்ட் எவ்வளவு தரமாக இருந்தாலும், அதைத் தாங்கப்போவது பழைய காரின் தரைத் தகடுதான். ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்பு. சீட் பெல்ட் பிடிமானங்களுக்கான ஐநாவின் 14-ஆம் விதிமுறைச் சோதனையில் சாதாரண கார் பெல்ட்டின் இடுப்புப் பட்டை, தோளில் படியும் பட்டை இரண்டையும் தலா 13,500 நியூட்டன் விசையில் இழுக்கிறார்கள். ஏறத்தாழ 1.4 டன்! வெறும் வாஷர் போட்ட போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

காரின் உடலில் கைவைக்குமுன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமோ வாகனப் பரிசோதனை நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். வேலையைச் சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறையில் வைத்துக்கொள்ளலாம்.

சீட்டையும் கம்பளத்தையும் கழற்றுங்கள். 1960களின் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையே பெல்ட் போல்ட்டுக்கான நட்டைப் பொருத்தி ரப்பர் மூடி போட்டிருக்கும். இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் ஸ்குரூடிரைவர் முனையால் தகட்டைக் குத்திப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பளத்தின் அடியில் துரு சத்தமில்லாமல் தின்றிருக்கும். முனை உள்ளே இறங்கினால் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்ட பிறகே மற்றது.

இடம் குறிப்பதில் அவசரம் வேண்டாம். சீட்டைத் திரும்ப வைத்து உட்கார்ந்து பாருங்கள். பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியவேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் தரையோடு 45 முதல் 60 டிகிரி சாய்வு நல்லது. மேல் முனை தோளுக்குக் கீழே இருந்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். காரின் அடியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

வழக்கமான போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. முதலில் 3 மி.மீ. துளை, பிறகு படிப்படியாக 12 மி.மீ. நட்டு பற்றவைத்த 3 மி.மீ. எஃகுத் தகட்டைத் தரைக்கு அடியில் வையுங்கள். அப்போதுதான் இழுக்கும்போது தரையோடு அழுந்தும். கார் பந்தய விதிகள் கேட்கும் 40 சதுர செ.மீ. பரப்பு நல்ல அளவு. மூலைகளை அரம் போட்டு உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலை தரையையே வெட்டும்.

வெல்டிங்கை அனுபவமுள்ள அங்கிளிடம் விடுங்கள். பேட்டரியைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைக்கவேண்டும். பெல்ட்டின் மேல் முனையைப் பொருத்தும் கதவுத் தூண் உள்ளே வெறும் கூடு என்பதால் அதுவும் அவர் வேலைதான். ஆறியதும் துத்தநாக ப்ரைமர், சீலர்.

கடைசியாக போல்ட்டை முறுக்கியபின் பெல்ட்டின் முனை தாராளமாகச் சுழலவேண்டும். இறுகி நின்றால் ஸ்பேசரை (இடைவெளி விடும் வளையம்) மாட்டும் வரிசை தப்பு. மோதிய காரிலிருந்து கழற்றிய பெல்ட் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதன் நெசவு ஏற்கெனவே இழுபட்டிருக்கும்.