சந்திரகாந்தக் கல் மோதிரம்: விலை சொல்வதிலிருந்து ஹால்மார்க் வரை

சொந்த டிசைனில் ஒவ்வொரு நகையாகக் கையால் செய்து விற்கும் சிறு பிராண்டுக்கு முதலில் கைவர வேண்டியது கணக்கு. பெரிய கடையில் தயாராக இருக்கும் நகையை எடைபோட்டு விலை சொல்கிறார்கள். நீங்களோ நகை உருவாவதற்கு முன்பே எடையைக் கணித்து விலை சொல்லியாக வேண்டும். அந்த எடை ஒரு கிராம் தவறினால் உங்கள் கூலியே கரைந்துவிடும்.

உதாரணத்துக்கு, 18 காரட் மஞ்சள் தங்கத்தில் ஒரு மோதிரம். கல், காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தம் (மூன்ஸ்டோன்): 6 மி.மீ. வட்டம், 3 மி.மீ. உயரம், மேல்புறம் வழுவழுப்பாகக் குவிந்தது. இந்தக் கல்லின் கடினம் (மோஸ் அளவுகோலில்) 6 முதல் 6.5 வரைதான். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் 7. அதனால் தினமும் போட்டால் கீறல் விழும். பக்கவாட்டில் அடிபட்டால் பாளம் பாளமாகப் பிளக்கவும் செய்யும். நான்கு கொக்கி போட்டுத் தூக்கி நிறுத்தும் டிசைனை வாடிக்கையாளர் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றிலும் தங்கச் சுவர் எழுப்பிய கூடுதான் இதற்குப் பாதுகாப்பு.

விரல் அளவை மாலையில் எடுங்கள். காலைக் குளிரில் விரல் மெலிந்திருக்கும். பட்டை 6 மி.மீ.க்கு மேல் அகலமானால் அரை அளவு கூட்ட வேண்டும். நம் மோதிரத்தின் உள்விட்டம் 17.3 மி.மீ., பட்டை 2.5 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். வெட்ட வேண்டிய நீளம், உள்விட்டத்தோடு தடிமனைக் கூட்டி 3.14ஆல் பெருக்கினால் வருவது: 59.4 மி.மீ. தடிமனைக் கூட்ட மறந்தால் மோதிரம் விரலில் ஏறாது.

இனி எடை. 59.4 × 2.5 × 1.6 = 238 கன மி.மீ. 18 காரட் மஞ்சள் தங்கத்தின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 15.5 கிராம், ஆக பட்டை 3.7 கிராம். கூட்டின் சுவர் 0.4 மி.மீ. தகடு, 20.1 மி.மீ. நீளம், 1.5 மி.மீ. உயரம்: 0.19 கிராம். அடித்தட்டு 7 மி.மீ. வட்டம், 0.8 மி.மீ. தடிமன்: 0.48 கிராம். மொத்தம் 4.35 கிராம் சுமார். இந்த எடைக்கு விலை சொல்லுங்கள்; இறுதி எடைக்கே தங்க விலை என்பதையும், எந்த நாள் ரேட் என்பதையும் முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள். அரத்தூள் பட்டறையிலேயே திரும்பச் சேர்கிறது. அதை முழுவதும் சேதாரமாக வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமல்ல.

உருக்கும்போது 10 கிராமாக உருக்குங்கள். மிச்சம் அடுத்த நகைக்கு ஆகும். 999 தங்கம் 7.53 கிராம், வெள்ளி 1.235, செம்பு 1.235. இது 752 தரத்தில், அதாவது ஆயிரத்தில் 752 பங்கு தங்கமாக நிற்கும். சரியாக 750க்குக் கலந்தால், பொடி (இணைப்பை உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதிய இடங்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடலாம். பொடியும் 750 தரத்திலேயே இருக்கட்டும். காட்மியம் கலந்த பழைய பொடி வேண்டவே வேண்டாம். அதன் புகை ஆசாரியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பற்றவைப்பில் வரிசை முக்கியம். அதிக சூட்டில் உருகும் பொடியைப் பட்டையின் இணைப்புக்கும் சுவரின் இணைப்புக்கும் வையுங்கள். சுவரை அடித்தட்டோடு சேர்க்க நடுத்தரம். கூட்டைப் பட்டையோடு சேர்க்கக் குறைந்த சூட்டில் உருகுவது. வரிசை மாறினால் முதலில் சேர்த்தது கழன்றுவிடும். பட்டையின் இணைப்பு கூட்டின் அடியில் மறையும்படி திருப்பி வையுங்கள். இரு முனைகளும் வெளிச்சம் புகாமல் ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளியைப் பொடி நிரப்பாது, பிறகு மெருகிடும்போது குழி தெரியும். கனமான பட்டையை முதலில் சூடாக்குங்கள். நெருப்பை நேராகக் கூட்டில் காட்டினால் மெல்லிய சுவர் சுருண்டு உருகும். நீர்த்த கந்தக அமிலத்தில் சுத்தம் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். இரும்புச் சாமணம் பட்டால் நகை மேல் செம்பு படியும்.

சுவரை அடித்தட்டோடு சேர்க்கும்போது பொடியை வெளிப்பக்கம் வையுங்கள். உள்மூலையில் பொடி திரண்டால் கல் சமமாக உட்காராது; மேலிருந்து அழுத்தும் கணத்தில் விரிசல் விடும். சந்திரகாந்தம் உடைவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். அடித்தட்டின் நடுவே 2 மி.மீ. துளை போட்டுவிட்டால், அளவு பார்க்க வைத்த கல்லைப் பின்னாலிருந்து தள்ளி எடுக்கலாம்.

கல் பதிப்பதற்கு முன்பே ஹால்மார்க் மையத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் பரிந்துரை. எந்த நிலையில் எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உள்பக்க மெருகை முடித்துவிட்டு அனுப்புங்கள். லேசர் குறி விழுந்தபின் அங்கே சக்கரம் பிடித்தால் எழுத்து தேய்ந்துபோகும். திரும்பி வரும் நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சின்னம், 18கே750, அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியான, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் முறை. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத பிராண்டை நம்ப, வாடிக்கையாளருக்கு அந்த ஆறு எழுத்துகள் பெரிய ஆதாரம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அவரே சரிபார்த்துக்கொள்வார்.

கடைசியில் கல். சுவரை 1.3 மி.மீ. உயரத்துக்கு அரத்தால் சீராக்குங்கள். கல்லை வைத்து, சுவரின் விளிம்பை முதலில் எதிரெதிர் நான்கு புள்ளிகளில் கல்லின் மேல் அழுத்துங்கள், பிறகு இடைப்பட்ட இடங்களில். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் தங்கம் கடைசியில் மடிப்பாகத் திரளும். பதித்தபின் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். வாடிக்கையாளருக்கும் இதையே எழுதிக் கொடுங்கள்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை, தரம், செய்கூலி, ஹால்மார்க் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். இந்தக் கல் சுமார் 0.7 கேரட் (இது கல்லின் எடை அலகு, தங்கத்தின் தரம் சொல்லும் காரட் அல்ல), அதாவது 0.14 கிராம் இருக்கும். சிறியதுதானே என்று தங்கத்தோடு சேர்த்துவிடாமல் கழித்துக் காட்டுங்கள்.