குதிகால், முழங்கை, முட்டி: எலும்பில் நாண் பிடிக்கும் இடம் நோகும்போது என்ன செய்வது

கட்டைவிரல் நுனியைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். உள்பக்கமாக, குதியின் மெத்தை முடிந்து பாதத்தின் குழிவு தொடங்கும் இடம். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துங்கள். இப்போது குதிகாலின் பின்புறம், செருப்பு வார் உரசும் இடத்தில் அதேபோல். அடுத்து முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேடு. கடைசியாக முட்டிச்சில்லுக்குக் கீழே, கால் எலும்பில் துருத்தி நிற்கும் மேடு. இந்த நாலில் எதையாவது அழுத்தும்போது "இதே வலிதான்" என்று நினைத்தால் மேலே படியுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடியில் ஒரு அறையில் 17 வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "நரம்பு இழுத்துக்கிச்சும்மா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் தொட்டுக் காட்டுவது நரம்பை அல்ல. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அது. எலும்பையும் எலும்பையும் கட்டுவது பந்தகம். இந்த இரண்டும் எலும்புக்குள் போய்ச் சேரும் இடத்துக்கு டாக்டர்கள் என்தீசிஸ் என்று பெயர் சொல்வார்கள். அங்கே கோளாறு என்றால் என்தீசோபதி, அழற்சி என்றால் என்தீசைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். நான் என் அறையில் அந்தச் சேரும் இடத்தைப் 'பிடி' என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

தேவனாம்பட்டினத்தில் படகு கட்டிய கயிற்றைப் பாருங்கள். நடுவில் பிரியாது, வளையத்தோடு முடிச்சுப் போட்ட இடத்தில்தான் பிரியும். மெத்தென்ற பொருளும் கெட்டியான பொருளும் சேரும் இடத்தில் இழுவை முழுக்க ஒரே கோட்டில் விழுகிறது. குதிகால், முழங்கை போன்ற இடங்களில் உடம்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நாண் சட்டென்று எலும்பாகிவிடாது. முதலில் நாண், பிறகு குருத்து, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிய குருத்து, கடைசியில் எலும்பு என்று மிகக் குறுகிய தூரத்துக்குள் நாலு அடுக்காகக் கெட்டிப்படுகிறது. ஆனால் அந்தக் குருத்துக்குள் இரத்தக் குழாய் அநேகமாக இல்லை. அதனால்தான் சதைப் பிடிப்பு மூன்று வாரத்தில் சரியாகிறது, பிடி நொந்தால் மூன்று மாதமாவது ஆகிறது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் நம்பிக்கை போய் ஊசி போட ஓடிவிடுவார்கள்.

காரணம் பெரும்பாலும் வயசு மட்டும் அல்ல, திடீரென்று கூடிய பாரம். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்க என்று டாக்டர் சொன்னதும் மறுநாளே சில்வர் பீச்சில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் நடந்தவர் ஒருவர். கூட இருந்தவர் ஊருக்குப் போனதால் இரண்டு பேர் மாவை ஒரு மாதம் தனியாகப் பிசைந்து வீசிய பரோட்டா மாஸ்டர் இன்னொருவர். இருவருக்கும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: வலி வருவதற்கு முந்தின மாதம் புதிதாக என்ன செய்தீர்கள்? உங்களையும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் அந்த வேலையைப் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். பாரமே இல்லாவிட்டால் பிடி இன்னும் பலவீனமாகும். ஒரு மாதம் படுத்துவிட்டு எழுந்து பழைய வேலைக்குப் போனால் வலி முதலிலிருந்து தொடங்கும்.

குதிகாலின் அடிப்பக்கம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி ஊன்றும்போது முள் குத்துவது போல இருக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும், ரொம்ப நேரம் நின்றால் மறுபடி வரும். குதிகால் வாதம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை குதி எலும்பைப் பிடிக்கும் இடம் நோகிறது. எக்ஸ்ரே எடுத்தால் அங்கே முள் போல எலும்பு நீட்டிக்கொண்டு தெரியலாம். "எலும்பு வளர்ந்துடுச்சாம்" என்று அழுதுகொண்டே வருகிறார்கள். பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. முள் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடுவதுதான் வழக்கம்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே நோகும் காலை மறுகால் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் வளையுங்கள். பாதத்தின் அடியில் கயிறு போல விறைக்கும். பத்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. தரையில் காலை வைப்பதற்கு முன் ஒரு தடவை, அப்புறம் பகலில் இரண்டு தடவை.

இரண்டாவது வாரத்திலிருந்து பாரம் ஏற்ற வேண்டும். பழைய துண்டைச் சுருட்டிப் படிக்கட்டு விளிம்பில் வையுங்கள். கால்விரல்கள் துண்டின்மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதியை மூன்று விநாடி எண்ணி உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடி எண்ணி இறக்குங்கள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு கால். 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து முதுகில் ஒரு பையை மாட்டி அதில் புத்தகமோ அரிசியோ போட்டு, 10 முறை நாலு சுற்று. இன்னும் இரண்டு வாரத்தில் பாரத்தைக் கூட்டி 8 முறை ஐந்து சுற்று. இது டென்மார்க்கில் சோதித்து 2014-இல் வெளியான முறை. மூன்றாவது மாதம் பார்த்தபோது, வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு நன்றாகவே இருந்தது. ஒரு வருஷம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக இது கொடுப்பது முக்கியமாகச் சீக்கிரமான நிவாரணம். மீன் கூடை சுமந்து வீடு வீடாகப் போகிற ஒரு அக்காவுக்கு அந்த ஒன்பது மாத வித்தியாசம் சாதாரணமா?

செய்யும்போது வலி வரும். பத்துக்கு நாலு வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பாரத்தை ஒரு படி இறக்குங்கள். இந்தக் கணக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும்.

வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில், டைல்ஸில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். குதிப்பக்கம் தேய்ந்து கண்ணாடித்தாள் போல ஆகிவிட்ட ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையலறைக்கென்றே கொஞ்சம் தடிமனான செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பா, வீட்டுக்குள்ளா என்று மாமியார் முகம் சுளித்தால் புதுச் செருப்பு, தெரு மண் படாதது என்று சொல்லுங்கள். எத்தனையோ வீடுகளில் இது ஒன்றுக்குத்தான் நான் மன்றாடியிருக்கிறேன்.

குதிகாலின் பின்பக்கம்

பல பேர் தவறுவது இங்கேதான். கெண்டைக்கால் தசையின் பெரிய நாண், அக்கிலிஸ், குதி எலும்பின் பின்னால் பிடிக்கிறது. அந்தப் பிடிக்குச் சற்று மேலே நாண் எலும்பின்மேல் சாய்ந்து போகிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் அது எலும்போடு நசுங்குகிறது. அதனால் அடிக் குதிக்கு நல்லதான பயிற்சி பின் குதிக்குக் கெடுதல். சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை இழுப்பதும், படியிலிருந்து குதியைக் கீழே தொங்கவிடுவதும் இந்த வலிக்கு வேண்டவே வேண்டாம். சமதரையில் நின்று குதியை உயர்த்தி, தரை வரை மெதுவாக இறக்குங்கள். தரைக்குக் கீழே போகக் கூடாது. எண்ணிக்கை முன்பு சொன்னதுதான், துண்டு மட்டும் கிடையாது.

குந்தி உட்காருவதிலும் அதே நசுக்கல் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குந்தியே இருக்கிறார்கள். சின்ன மணை போட்டுக்கொள்ளச் சொல்வேன். இந்திய முறைக் கழிவறையில் குதிக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு போதும். நடக்கும்போது செருப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு குதி அட்டை வையுங்கள், இரண்டு காலிலும். கடற்கரையில் காலை அமிழ்த்தும் மணலில் நடக்காதீர்கள். அலை நனைத்து இறுகிய மணலோ ரோடோ நல்லது.

இந்த நாணுக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட ஒத்துக்கொள்ளாதீர்கள், நாண் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் இந்த நாணைப் பலவீனப்படுத்தும் குணம் உண்டு. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அந்த மாத்திரை சாப்பிடும்போது பின் குதி வலித்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல "படார்" என்று உணர்ந்து, அப்புறம் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

முழங்கையும் பையன்களின் முட்டியும்

டென்னிஸ் எல்போ என்ற பெயரோடு வருகிறவர்களில் டென்னிஸ் ஆடினவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. துணி பிழிகிறவர்கள், தையல்காரர்கள், மேலே சொன்ன பரோட்டா மாஸ்டர், இவர்கள்தான். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின் பிடி முழங்கையின் வெளி மேட்டில் இருக்கிறது. முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக 30 விநாடி அசையாமல் வையுங்கள். ஐந்து முறை, தினமும். வலி தணிந்த பிறகு மறுகையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, நோகும் கையால் மெதுவாக இறக்கப் பழகுங்கள். குடத்தையும் பையையும் உள்ளங்கை மேல்பார்த்தபடி தூக்குங்கள். போர்வையைப் பிழியாமல் குழாயில் சுற்றி முறுக்குங்கள், அல்லது அப்படியே கொடியில் போட்டு வடியவிடுங்கள்.

இங்கேயும் ஊசியைப் பற்றி ஒன்று. போட்ட ஆறு வாரம் வரை பிரமாதமாக இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இலும் 2013-இலும் வெளியான ஆய்வுகளில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே வலி அதிகம் திரும்பியிருந்தது. கல்யாண வேலை, கடைசித் தேதி என்று ஏதாவது நெருக்கடி இருந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

அண்ணா விளையாட்டரங்கில் ஓடுகிற, கபடி ஆடுகிற 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே மேடு வீங்கி நோகும். 1903-இல் இதை விவரித்த இரண்டு டாக்டர்களின் பெயரால் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். எலும்பு வளர்ந்துகொண்டிருப்பதால் அந்தப் பிடி இன்னும் முற்றவில்லை. விளையாட்டை நிறுத்தி வீட்டில் பூட்டாதீர்கள். குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் குறைத்து, வலி பத்துக்கு நாலைத் தாண்டாமல் ஆடட்டும். வளர்ச்சி முடிந்ததும் வலி அநேகமாகப் போய்விடும், மேடு மட்டும் நிற்கலாம்.

இது வேறு மாதிரி வலி

என் தம்பிக்கு 26 வயதில் இரண்டு குதிகாலிலும் பின்பக்கம் வலி வந்தது. புதுச்சேரியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவான். சீட் இருந்தாலும் நின்றுகொண்டே போவான், உட்கார்ந்தால் இடுப்பு விறைக்குது அக்கா என்பான். செருப்புதான் காரணம் என்று முடிவு கட்டி எட்டு மாதம் நானே பயிற்சி கொடுத்தேன். ஒரு நாள் அவனுக்கு ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தது. கண் டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட கேள்வி, "காலையில் முதுகு விறைக்குமா தம்பி?" என்பது. அங்கிருந்துதான் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பை விறைக்க வைக்கும் மூட்டுவாதம், என்று தெரியவந்தது. அந்த நோய் முதலில் தாக்குகிற இடங்களில் ஒன்று இந்தப் பிடிகள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அந்தக் கேள்வியை எட்டு மாதம் முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு குதிகால் என்று யார் வந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலி இருக்கிறதா? காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டுகிறதா? ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? தலையிலோ முழங்கையிலோ தொப்புளிலோ செதில் உதிரும் சொரியாசிஸ், நகத்தில் ஊசி குத்தினாற்போலக் குழிகள், ஒரு விரல் முழுக்க வீக்கம், கண் சிவந்து வலித்தது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி? பேதியோ சிறுநீர்த் தொற்றோ வந்து சில வாரத்தில் குதி வலி தொடங்கியதா? இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினாலே மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். நம் பக்கத்தில் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் மூட்டுவாதம் பார்க்கும் கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது. இந்த நோய் உள்ள பலரிடம் காணப்படும் மரபணு அடையாளமான எச்.எல்.ஏ. பி27 இருக்கிறதா என்று பரிசோதனை எடுப்பார்கள். அது இல்லை என்று வந்தாலும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, அதனால் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பயிற்சியால் மட்டும் இந்த அழற்சியை அடக்க முடியாது, மருந்து வேண்டும். மருந்தோடு பயிற்சியும் தொடர வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விறைப்பு விட்டது, எந்த இடம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா. கண் சிவந்திருந்தால், விரல் வீங்கியிருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கு அவை வற்றியிருக்கும்.