கீழடிக்குக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

முதலில் அருங்காட்சியகம், பிறகுதான் அகழாய்வுக் குழி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேரே குழிக்குப் போனால் பிள்ளைகளுக்கு வெறும் செங்கல் வரிசைதான் தெரியும். பத்தே நிமிடத்தில் "கிளம்பலாம்" என்பார்கள். தாயக்கட்டை, ஆட்டக்காய்கள், நூல் நூற்கும் தக்களி, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடு இவற்றையெல்லாம் பார்த்த கண்ணோடு போனால், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றைப் பார்த்ததும் அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கீழடிக் குழியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை ஆய்ந்துதான் கி.மு. 580 எனக் காலம் கணித்தார்கள். அந்த ஆழம் இரண்டு ஆள் உயரம் என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கும் சட்டென்று பிடிபடும்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் ஏறக்குறைய 12 கி.மீ. தூரம்தான். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் நுழைந்துவிடுவது நல்லது. தென்னந்தோப்புகள் சூழ்ந்த இடமென்றாலும் வெட்டவெளியில் உச்சிவெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு அவசியம்.

எல்லாக் குழிகளும் திறந்திருக்காது. ஆய்வு முடிந்ததும் பெரும்பாலானவற்றை மண்போட்டு மூடிவிடுவார்கள். விட்டுவைத்தால் மழையில் கட்டுமானம் சிதைந்துவிடும். திறந்த குழியின் விளிம்பில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், மண் சரியும். அந்த மண் அடுக்குகளே காலத்தைச் சொல்லும் சான்றும்கூட.

கீழே ஓட்டுச்சில்லு கிடந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் ஓடுதான்.