பிளொப்பில் பொருந்தாத ஏஸ்-கிங்: நல்ல கையோடு நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கடுதாசி விளையாட்டு என்றால் பெரும்பாலும் 304தான். முதல் நான்கு கடுதாசிகளைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்கிறார், துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார், அதன் பின்னரே மிகுதி நான்கும் கைக்கு வருகின்றன. வந்தவை உதவாதவையாக இருந்தாலும் கேட்டவர் கேட்டதுதான். ஆடியே தீர வேண்டும். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த நாங்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் உறவினர்களிடமிருந்து டெக்சஸ் ஹோல்டம் போக்கரைப் பழகும்போது அந்தக் கடமையுணர்வையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறோம். போக்கரில் அந்தக் கடமை கிடையாது. கையில் இரண்டு கடுதாசிகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று என்று விரிகின்ற இந்த ஆட்டத்தில், பிளொப் எனப்படும் அந்த முதல் மூன்றும் விழுந்த பின்னர் நம்முடைய கையை நாம் புதிதாக மதிப்பிட வேண்டும். ஏஸ்-கிங் போன்ற நல்ல கையோடு தொடங்குபவர்கள் விடுகின்ற பிழைகளில் பெரும்பாலானவை, இந்த மறுமதிப்பீட்டைச் செய்யாமல் விடுவதிலிருந்தே பிறக்கின்றன.

நான் விட்ட பிழையையே முதலில் சொல்கிறேன். எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு பேர், காசுக்குப் பதிலாக ஆளுக்கு 300 புளியங்கொட்டைகள். எனக்கு இஸ்பேட் ஏஸும் டயமன் கிங்கும் வந்தன. நான் 20 வைத்தேன், மற்ற மூவரும் 20 வைத்தார்கள், நடுவில் 80 சேர்ந்தது. பிளொப்பில் ஆட்டின் (இதயக் குறி) 9, ஆட்டின் 8, கிளாவர் 7 விழுந்தன. என்னிடம் ஒரு சோடிகூட இல்லை, ஆட்டினும் இல்லை. ஆனாலும் 40 வைத்தேன், இருவர் அதே தொகையை வைத்துத் தொடர்ந்தார்கள். நான்காவதாகக் கிளாவர் 3 விழ, ஏற்கெனவே இறங்கியாயிற்று என்ற ஒரே காரணத்துக்காக 100 வைத்தேன். மச்சான் மட்டும் தொடர்ந்தார். கடைசியாக டயமன் 4 விழுந்ததும் மிகுதி 140ஐயும் தள்ளிவிட்டேன். மச்சான் ஒரு ஜாக்கையும் ஒரு 10ஐயும் திருப்பிக் காட்டினார். 7இலிருந்து ஜாக் வரை தொடர் வரிசை அவருக்குப் பிளொப்பிலேயே முடிந்திருந்தது. 20 கொட்டைகளோடு முடிந்திருக்க வேண்டிய நட்டம் 300 ஆயிற்று.

இதில் அடிப்படையான பிழை, பிளொப் பொருந்தாமல் போவதை ஓர் அநியாயமாக எண்ணியது. கையில் உள்ள இரண்டையும் எடுத்த பின் மிஞ்சும் 50 கடுதாசிகளிலிருந்து மூன்று விழக்கூடிய வகைகள் 19,600. அவற்றில் ஏஸோ கிங்கோ இல்லாதவை 13,244. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 68 தடவைகள், மூன்றில் இரண்டு தடவைகள், ஏஸ்-கிங் தன் ஏஸுக்கோ கிங்குக்கோ சோடி கிடைக்காமலேயே நிற்கும். நம்பாதவர்கள் ஏஸையும் கிங்கையும் மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, மிகுதிக் கட்டைக் கலைத்துக் கலைத்து மும்மூன்றாகப் போட்டு எண்ணிப் பார்க்கலாம். எனக்கு இந்தக் கணக்கு மனதில் பதிந்தது அப்படித்தான். பொருந்தாமை வழமை என்று விளங்கிவிட்டால், அதைச் சரிசெய்யப் பணத்தை அள்ளி எறிய வேண்டும் என்ற பதற்றம் வராது.

இரண்டாவது பிழை, "இன்னும் இரண்டு கடுதாசிகள் வர இருக்கின்றனவே" என்ற நம்பிக்கையில் விலை கொடுத்துத் தொடர்வது. நமக்குச் சோடி தரக்கூடியவை மூன்று ஏஸும் மூன்று கிங்குமாக ஆறுதான். கண்ணுக்குத் தெரியாத 47 கடுதாசிகளில் அந்த ஆறில் ஒன்று அடுத்ததாக விழ நூற்றுக்கு ஏறத்தாழ 13 வாய்ப்பு. இரண்டையும் பார்க்க முடிந்தால் 24. எதிராளி நடுத் தொகையில் பாதியை வைத்தால், உதாரணமாக 100 இருக்கும்போது 50 வைத்தால், நாம் 50 கொடுத்து 150க்கு ஆசைப்படுகிறோம். அது நட்டமில்லாமல் இருக்க நான்கில் ஒரு தடவையாவது வெல்ல வேண்டும். ஒரு கடுதாசிக்கான 13 அதற்குப் போதாது, இரண்டுக்கான 24 கிட்டத்தட்ட எட்டினாலும் இரண்டாவதைப் பார்க்க அநேகமாக மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும். மேலும், அந்த ஆறும் எப்போதும் நமக்கே நல்லவை அல்ல. குயின், 8, 5 விழுந்திருக்கும் மேசையில் எதிராளியிடம் ஏஸ்-குயின் இருந்தால், அடுத்து வரும் ஏஸ் நமக்கு ஒரு சோடியைத் தரும்போதே அவருக்கு இரண்டு சோடிகளைக் கொடுத்துவிடுகிறது. அப்போது நம்மைக் காப்பாற்றக்கூடியவை மூன்று கிங்குகள் மட்டுமே. இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள்கூட ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் ஏஸ் விழுந்த மகிழ்ச்சி கண்ணை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது பிழை ஆட்களை எண்ணாமல் வெருட்டுவது, அதாவது கையில் ஒன்றும் இல்லாமலே மற்றவர்களை விலகச் செய்யப் பந்தயம் வைப்பது. பிளொப்புக்கு முன் தொகையைக் கூட்டியவர் பிளொப்பிலும் பந்தயம் வைப்பது நல்ல உத்திதான், ஆனால் அது யார் முன்னால், எத்தனை பேர் முன்னால் என்பதைப் பொறுத்தது. சோடியில்லாத கையோடு வந்த எதிராளியும் மூன்றில் இரண்டு தடவைகள் பொருந்தாமலேயே நிற்பார். எதிராளி ஒருவரானால் அந்த வாய்ப்பு நம் பக்கம். இருவரானால் இருவரும் ஒருசேரப் பொருந்தாமல் நிற்பது உத்தேசமாக 9இல் 4, மூவரானால் 27இல் 8, அதாவது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. என் விறாந்தை ஆட்டத்தில் மூன்று பேர் முன்னால் வெருட்டியது முதற் தவறு. 9, 8, 7 என்று நெருங்கிய எண்களும் இரண்டு ஆட்டினும் விழுந்த மேசையில், சாதாரணமாகத் தொடர்ந்து வருபவர்களின் நடுத்தரக் கைகள்தான் நன்கு பொருந்தும் என்பதைக் கவனியாதது அதைவிடப் பெரிய தவறு.

இதற்கு மாறாக, எதிராளி ஒருவரே இருந்து, மூன்று வெவ்வேறு இனங்களில் குயின், 7, 2 விழுந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே ஒரு சிறிய பந்தயம் நியாயமானது. நடுவில் 60 இருக்கும்போது 20 வைத்தால், நான்கில் ஒரு தடவை அவர் கையை மடித்து விலகினாலே நமக்கு நட்டமில்லை. 30 வைத்தால் மூன்றில் ஒரு தடவை மடிக்க வேண்டும். 60 முழுவதையும் வைத்தால் இரண்டில் ஒரு தடவை. அவர் தொடர்ந்தாலும் நம்முடைய ஆறு கடுதாசிகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே வெருட்டுகிறவர் பெரிதாக வெருட்ட வேண்டும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. ஆனால் ஒருமுறை வைத்தும் அவர் அசையவில்லை என்றால், நான்காவது கடுதாசியில் எதுவும் மாறாதபோது மீண்டும் வைப்பதற்கு ஒரு தனிக் காரணம் வேண்டும். முன்பு வைத்தோம் என்பது காரணமாகாது.

சூடு கண்டவர்கள் விடும் நேரெதிர்ப் பிழையும் உண்டு. பொருந்தாத ஒவ்வொரு தடவையும் உடனே மடித்துவிட்டால், அதைக் கவனிக்கும் எதிராளி எதை வைத்துக்கொண்டும் பந்தயம் வைத்து நம்மைத் துரத்துவார். கடைசியாகப் பேசும் இடத்தில் நாம் இருந்து, மற்றவர்கள் ஒன்றும் வைக்காமல் செக் சொல்லி விட்டிருந்தால், நாமும் செக் சொல்லி அடுத்த கடுதாசியை இலவசமாகப் பார்ப்பதில் ஓர் இழிவும் இல்லை.

இரட்டைக் குயினோடு இருப்பவரின் சிக்கல் சற்று வேறுபட்டது. பிளொப்பில் ஏஸோ கிங்கோ விழ நூற்றுக்கு 41 வாய்ப்பு இருக்கிறது. இரட்டை ஜாக்கோடு இருப்பவருக்கு, ஜாக்குக்கு மேலான ஒன்று விழ 57. அப்போதும் கையில் ஒரு சோடி உண்டு என்பதால், ஒரு பந்தயத்துக்கு ஈடு கட்டிப் பார்ப்பதில் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் முன்னேற உதவுபவை மீதமுள்ள இரண்டு குயின்கள்தான், அடுத்த கடுதாசியில் அவை விழ நூற்றுக்கு 4 வாய்ப்புத்தான். எனவே எதிராளி இரண்டாம் முறையும் பெரிதாக வைக்கும்போது மடிக்கப் பழக வேண்டும்.

கடைசிக் கடுதாசியும் விழுந்து, ஏஸ்-கிங் இன்னும் வெறுங்கையாகவே இருக்கும்போது, அது முற்றிலும் பெறுமதியற்றது என்று நினைத்து நான் செய்ததுபோல மிச்சத்தையெல்லாம் தள்ளுபவர்கள் பலர். இருவருமே எதுவும் வைக்காமல் வந்த ஆட்டத்தில் எதிராளியும் வரிசையோ ஒரே இனத்தில் ஐந்தோ சேருமென்று காத்திருந்து ஏமாந்தவராக இருக்கலாம். அவரிடமும் சோடி இல்லையென்றால் ஏஸே வெல்லும். அங்கே செக் சொல்லிக் கடுதாசிகளைத் திருப்பினால், ஒரு கொட்டையும் மேலதிகமாகச் செலவாகாமல் நடுவில் உள்ளது நம் பக்கம் வரவும் இடமுண்டு.