டர்பனில் தொண்டு செய்ய இடம் தேடும்போது

முதலில் அமைப்பின் என்பிஓ (இலாப நோக்கற்ற அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தென்னாப்பிரிக்கச் சமூக வளர்ச்சித் துறையின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்க அழைக்கும் பண்ணைகள் பக்கமே போகாதீர்கள். பிறந்த சில நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டி அது. மனிதக் கை பழகியதைக் காட்டில் விட முடியாது. வளர்ந்தபின் வேலிக்குள் சுடும் வேட்டைக்கும் எலும்பு வணிகத்துக்கும் போனவை ஏராளம். குட்டிகளின் தாய் எங்கே, பெரிதானதும் எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல சரணாலயம் இனப்பெருக்கம் செய்யாது, தொடவும் விடாது.

குழந்தைகளோடு பழகும் வேலையென்றால் அமைப்பு உங்களிடம் காவல்துறை நற்சான்றும், குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டுச் சோதனையும் (குழந்தைகளோடு பழகத் தகாதவர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கு) கேட்க வேண்டும். எதுவுமே கேட்காமல் 'நாளைக்கே வாங்க' என்பவர்களை நம்பாதீர்கள். இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுபவர் அனாதை இல்லத்துக்கு வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிள்ளை மறுபடி தவிக்கும்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் சொல்லித்தர நினைத்தால், அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். அ, ஆவிலிருந்து, ஆங்கில விளக்கத்தோடு தயாராகுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பள்ளி விடுமுறை.

விசா விண்ணப்பத்தில் தொண்டு என்றே எழுதுங்கள், அமைப்பின் அழைப்புக் கடிதத்தோடு.